அரை மணிக்குள் நாலு ரொட்டி

ஹர்பூல் சிங் வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்து ஊசியை ஏற்றிக்கொண்டபோது சுவர்க் கடிகாரம் ஏழரை காட்டியது. சமையலறைக்குள் நின்றபடியே விம்லேஷ் அதைப் பார்த்து வைத்துக்கொண்டாள். அந்த வீட்டில் பொழுது சூரியனைப் பார்த்து விடிவதில்லை. மாமனாரின் இன்சுலினைப் பார்த்துத்தான் விடியும். ஊசி ஏறிவிட்டால் அரை மணிக்குள் நாலு ரொட்டி உள்ளே போயாக வேண்டும். போன வருஷம் ஹோலிக்கு முதல் நாள் ஊசியைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல், வாய்க்கால் தண்ணீருக்காக ஒருவனோடு சண்டை பிடிக்கப் போய்விட்டார். சண்டையில் ஜெயித்தாரோ என்னவோ, வரப்பிலேயே வியர்த்துக் கொட்டி, வாய் கிட்டிப்போய் விழுந்தார். டிராக்டரில் போட்டுக்கொண்டு ரோத்தக்குக்கு ஓடினார்கள். "இன்னொரு தடவ சர்க்கர இப்படி இறங்கினா என்கிட்டக் கொண்டுவராதீங்க, நேரா சுடுகாட்டுக்குக் கொண்டுபோங்க" என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

சாப்பிட வைப்பது அவ்வளவு லேசா? மனிதருக்கு வாயில் பல் கிடையாது. பல்செட் ஒன்று செய்து கொடுத்தாயிற்று. "எனக்கென்ன கடிவாளமா மாட்டுறீங்க?" என்று அதை டப்பாவில் போட்டு மூடிவிட்டார். ஆகவே ரொட்டி ஈறுக்கு அடங்க வேண்டும். அதற்காகவே விம்லேஷின் மாவு பேர் வாங்கியது. வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, விரல் அழுத்தினால் குழி விழுந்து மெல்ல நிமிர்கிற பதத்துக்குப் பிசைந்து, ஈரத்துணி போர்த்தி அரை மணி தூங்க விடுவாள். தேய்க்கும்போது நடுவில் அழுத்தாமல் ஓரத்தை மெலிய விடுவாள். தவாவில் முதல் பக்கம் கொஞ்ச நேரம், மறுபக்கம் பொட்டுப் பொட்டாய்ச் சிவக்கிற வரை, அப்புறம் நேரே நெருப்பில். ஓரம் எங்காவது தடித்திருந்தாலோ, மயிரிழை கிழிந்திருந்தாலோ உப்பாது. உப்பாத ரொட்டி தட்டுக்குப் போவதற்குள் அப்பளமாகிவிடும்.

சொல்வதற்குச் சுலபம். கை சொன்னதைக் கேட்க வேண்டும். அன்றைக்கு விம்லேஷின் கை கேட்கவில்லை. காதும் மனசும் மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்த செல்போன்மேல் இருந்தன.

விடிகாலை நாலே முக்காலுக்கு அந்தப் போன் அடித்தது. கோஹானா சாலையில் பனிமூட்டத்தில் ஏழெட்டு வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதிக் கிடக்கின்றன, அதில் ஜகத்தின் லாரியும் ஒன்று. ஜகத் அவள் கொழுந்தன், அண்ணியைப் பாபி பாபி என்று சுற்றி வருகிறவன், ஹர்பூல் சிங்கின் இளைய மகன். உயிர் இருக்கிறது, ரோத்தக் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்றான் போனில் பேசியவன். அவள் புருஷன் பிஜேந்தர் சட்டையை உள்வெளியாக மாட்டிக்கொண்டு கிளம்பினான். "பாபூஜி கேட்டா யூரியாவுக்கு வரிசையில நிக்கப் போயிருக்கேன்னு சொல்லு" என்றான். டிசம்பர் மாதம் ஹரியானாவில் அதைவிட நம்பும்படியான பொய் கிடையாது.

ஹர்பூல் சிங் தாழ்வாரத்தில் கயிற்றுக் கட்டிலில் ரஜாயைப் போர்த்திக்கொண்டு சமையலறை வாசலுக்கு நேரே உட்கார்ந்திருந்தார். முன்னால் முக்காலி, அதன்மேல் பருப்புக் கிண்ணம். முக்காட்டை மூக்குக்குக் கீழே வரை இழுத்துவிட்டுக்கொண்டு விம்லேஷ் முதல் ரொட்டியைக் கொண்டுபோய் வைத்தாள். கல்யாணமாகி வந்த பத்தொன்பது வருஷத்தில் அந்த முக்காடு மாமனாருக்கு முன்னால் ஒருநாளும் ஏறியதில்லை. அவருக்கு அவள் முகம் எப்படியிருக்கும் என்றே தெரியாது; கையும் காலும் ரொட்டியும்தான் தெரியும். என்றைக்கும் அந்தத் துணி அவளுக்கு எரிச்சல். இன்றைக்கு மட்டும் அந்த வழக்கத்தைப் போட்டு வைத்த புண்ணியவான்கள் நன்றாயிருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் ரொட்டி நன்றாகத்தான் வந்திருந்தது. கிழவர் ஒரு துண்டைப் பிய்த்துப் பருப்பில் முக்கி வாயில் போட்டுக்கொண்டார். அடுத்து என்ன வரும் என்று விம்லேஷுக்குத் தெரியும்.

"யூரியாவுக்கு நிக்க ஒருத்தன் போயிருக்கான். இன்னொருத்தன்? எந்த ஊர் ரோட்டுல நிக்கிறானாம் லாரிக்காரன்?"

ஜகத் என்ற பேரை அவர் சொல்லி ஒன்றரை வருஷம் ஆகிறது. முப்பத்தைந்து வருஷம் பட்வாரியாக ஊர் ஊராகச் சங்கிலி பிடித்து நிலம் அளந்த மனுஷர். வரப்பில் ஒரு சாண் விட்டுக்கொடுக்காதவர். அவர் மகன் தன் பங்கு நிலத்தை விற்று லாரி வாங்கிவிட்டான். அன்றிலிருந்து அவன் லாரிக்காரன். தினமும் காலையில் முதல் ரொட்டிக்கு ஒரு திட்டு உண்டு. திட்டினால்தான் அவருக்கு ரொட்டி இறங்கும் என்று பிஜேந்தர்கூடச் சிரிப்பான்.

"மண்ணை வித்து இரும்பு வாங்கினவன். அந்த லாரியே அவனத் தின்னட்டும்."

அடுப்படிக்குத் திரும்பி அடுத்ததைத் தேய்த்துக்கொண்டிருந்த விம்லேஷின் கையில் ரொட்டிக் கட்டை நின்றது. "பாபூஜி, சாப்பிடறப்ப அந்தப் பேச்சு வேண்டாமே."

"ஏன்? இன்னிக்கா புதுசா சொல்றேன்?"

புதுசாகச் சொல்லவில்லைதான். அவள் இரண்டாவது ரொட்டியைத் தவாவில் போட்டாள். அப்போதுதான் போன் மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் அதிர்ந்தது. எடுத்துக்கொண்டு கொல்லைக் கதவுக்கு வெளியே போனாள்.

"சொல்லுங்க."

பிஜேந்தர்தான். "போயிட்டான் விம்லேஷ். இப்பத்தான். அஞ்சு நிமிஷம் ஆகல" என்றான்.

கொல்லையில் எருமை வைக்கோலை இழுத்துக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பேசினானா?"

"நடுவுல கொஞ்சம் முழிச்சான். மணி என்னன்னு கேட்டான். ஏழரைன்னேன். 'பாபூஜிக்கு ஊசி நேரமாச்சே, பாபி ரொட்டி போட்டிருப்பா'ன்னான். அவ்வளவுதான். அப்புறம் டாக்டருங்க என்னை வெளிய தள்ளிட்டாங்க." அவன் குரல் உடைந்தது. "அவரு ஊசி போட்டுட்டாரா?"

"போட்டுட்டாரு."

"சாப்பிட்டாரா?"

"ஒண்ணு."

"அப்ப சொல்லாத. முதல்ல நாலும் உள்ள போகட்டும். எப்படியாவது ஊட்டிடு. போஸ்ட்மார்ட்டம் முடிஞ்சு நான் அவனக் கூட்டிட்டு வர மத்தியானம் ஆயிடும்."

உள்ளே வந்தபோது தவாவில் ரொட்டி கருகிப் புகைந்துகொண்டிருந்தது. அவள் கை தானாகவே அடுப்பை அணைக்கப் போனது. சாவு விழுந்த வீட்டில் தவா ஏறக் கூடாது. உடல் எரிந்து, ஆண்கள் குளித்துவிட்டுத் திரும்பும் வரை அந்த வீட்டில் நெருப்பே கிடையாது. அக்கம்பக்கத்து வீட்டிலிருந்து வருவதுதான் சாப்பாடு. மாமியார் போனபோது விம்லேஷே இந்தத் தவாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். இப்போது அந்த வீட்டுப் பிள்ளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் செத்துக் கிடக்கிறான், இவள் ரொட்டி சுட வேண்டும். கடிகாரத்தில் ஏழு நாற்பத்தாறு. கருகியதை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு அடுத்த உருண்டையைப் பலகையில் வைத்தாள்.

"கருகற வாசன வருதே பஹூ! தூங்கிட்டியா?"

"போன் வந்திச்சு பாபூஜி. அவருதான். வரிசை பெரிசா இருக்காம்."

பொய் சொல்ல வாய் ஒத்துழைத்தது. கை ஒத்துழைக்கவில்லை. கட்டை ஒரு பக்கமாகவே ஓடியது. ரொட்டி ஒரு ஓரம் தடித்து, ஒரு ஓரம் கண்ணாடி மாதிரி ஆனது. நெருப்பில் காட்டினால் ஒரு மூலை மட்டும் குமிழியிட்டு அடங்கியது. நெய்யைக் கூடுதலாகத் தடவிக் கொண்டுபோய் வைத்தாள். கிழவர் பிய்த்துப் பார்த்தார், பருப்பில் ஊற வைத்துப் பார்த்தார், ஈறால் இரண்டு தடவை மென்றுவிட்டு வெளியே எடுத்து வைத்தார்.

"என்னம்மா இது, செருப்பு தைக்க வெச்சிருந்த தோலா?"

ஜகத் இதையேதான் சொல்லியிருப்பான். அவள் மணப்பெண்ணாக வந்தபோது அவனுக்குப் பதினொரு வயசு. அவள் சுட்ட முதல் ரொட்டிகளைக் கையில் எடுத்து, "பாபி, இத மாட்டினா என் சைக்கிள் ஓடும்" என்று ஊருக்கே கேட்கக் கத்துவான். கத்திவிட்டு ஆறு ரொட்டியைத் தின்று தீர்ப்பான். முக்காட்டுக்குள் கண்ணீர் வாய் வரை இறங்கி உப்புக் கரித்தது. துடைத்துக்கொள்ளக் கையெல்லாம் மாவு.

மணிக்கட்டை மேடையின் விளிம்பில் ஊன்றிக்கொண்டு தேய்த்தாள். கட்டை கொஞ்சம் நேராக ஓடியது. அந்த ரொட்டி முக்கால்வாசி எழும்பியது. வைத்தாள். அவர் ஒரு வாய் தின்றார். பரவாயில்லை போலிருந்தது. ஆனால் நாக்கு மறுபடி பழைய இடத்துக்கே போனது.

"பெரியவன் குளிர்ல உரத்துக்கு நிக்கிறான். சின்னவனுக்கு என்ன கவலை? நிலம் இருந்தாத்தானே உரம். அவன் மட்டும் என் கண்ணு முன்னால வந்து நின்னான்னா..."

"பாபூஜி!" என்றாள் விம்லேஷ். குரல் பெரிசாக வந்துவிட்டது. இனி அவர் வாயிலிருந்து வருகிற ஒவ்வொரு சொல்லும் நாளைக்கு அவரையே தின்னும் என்று அவளுக்குத் தெரிந்தது. என்ன சொல்லி நிறுத்துவது? வாயில் வந்ததைக் கேட்டாள். "கிழக்கு வயல்ல அந்த எல்லைக் கல்லு... அது நம்ம பக்கம் எத்தன அடி வரணும்?"

ஹர்பூல் சிங் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். பத்தொன்பது வருஷத்தில் மருமகள் அவரிடம் நிலத்தைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது.

"உனக்கெதுக்கு அது?"

"வழியில போறப்ப பார்த்தேன். நகத்தி வெச்ச மாதிரி தெரிஞ்சிச்சு."

அவ்வளவு போதும். "யாரு, சூரத் சிங் மகனா? அவன் அப்பனும் அப்படித்தான்! எழுபத்தெட்டுல நான் சங்கிலி போட்டப்பவே..." என்று ஆரம்பித்தார். கல் எந்த மூலையிலிருந்து எத்தனை அடி, யார் சாட்சி, எந்தத் தாசில்தார் என்று போனது பேச்சு. பேச்சோடு பேச்சாக ரொட்டியும் போனது. தட்டு காலி. ஏழு ஐம்பத்து மூன்று. இன்னும் இரண்டு. உள்ளே ஓடினாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் வெளிக்கதவு கிறீச்சிட்டது. ஜன்னல் வழியே பார்த்தால் எதிர்வீட்டு தன்பதி சாச்சி, ஊருக்கே சித்தி முறை. செருப்பில்லாத கால், அவிழ்ந்த தலை, மார்பில் அடித்துக்கொள்ளத் தயாராக ஓங்கிய கை. ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும் முதல் ஒப்பாரி சாச்சியுடையதுதான். அதில் அவளுக்கு ஒரு பெருமையும் உண்டு. விம்லேஷ் கொல்லை வழியாகச் சுற்றி ஓடிப் போய், அவள் வாய் திறந்த கணத்தில் மாவுக் கையால் அந்த வாயைப் பொத்தினாள்.

"சாச்சி, கத்தாத. உன் கால்ல விழறேன்."

சாச்சி திமிறி, கையை விலக்கிக் கிசுகிசுத்தாள். "விடுடி! ஊர் வாட்ஸப்புல லாரிப் படமும் சாவுச் சேதியும் வந்திடுச்சு. என் மகன் காட்டினான். ஐயோ ஜகத்து, தங்க விக்கிரகம்..." சட்டென்று நிறுத்தி மூக்கை உறிஞ்சினாள். அவள் பார்வை விம்லேஷின் கைக்குப் போனது. "என்னடி இது, மாவு? ரொட்டி வாசன வருது. அடிப்பாவி! இந்த வீட்டுல தவா ஏத்தியிருக்கியா?"

"ஏத்தியிருக்கேன்."

"அங்க பொணம் கெடக்குது. இங்க நீ..."

"அவரு ஊசி போட்டுட்டாரு சாச்சி. இன்னும் ரெண்டு ரொட்டி உள்ள போகல. இப்ப சொன்னா பச்சத் தண்ணி குடிக்க மாட்டாரு. ஒரு பாடைக்கு மூங்கில் வெட்டணுமா, ரெண்டு பாடைக்கா? நீயே சொல்லு."

சாச்சி ஓங்கிய கையை இறக்கினாள். அவள் வாழ்க்கையில் அது அபூர்வம்.

"பத்து நிமிஷம் தா. பொம்பளைங்க யாரும் உள்ள வராமப் பார்த்துக்க. அப்புறம் நீயே வந்து ஆரம்பி."

"பாவம்டி. பெரிய பாவம்" என்றாள் சாச்சி. ஆனால் வெளிக்கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகைக் கொடுத்துத் தெருவைப் பார்த்து நின்றுகொண்டாள்.

"யாரது?" என்று தாழ்வாரத்திலிருந்து குரல் வந்தது.

"சாச்சி. தயிருக்கு உறை மோர் கேட்டு வந்தா."

விம்லேஷ் அடுப்புக்குத் திரும்பினாள். இரண்டு போதும். ஒன்று தோலாகிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் மூன்று உருண்டைகளை வரிசையாகத் தேய்த்து வைத்துக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகத் தவாவில் போட்டாள். அந்தக் காலையில் கை அப்போதுதான் சொன்னதைக் கேட்டது. மூன்றும் நெருப்பில் முழுசாக உப்பின. கிழவர் நாலுக்குமேல் தின்றாலும் லாபம்தான் என்ற அவசரத்தில் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நெய் தடவி, தட்டில் வைத்துக்கொண்டு போய் முக்காலியில் வைத்தாள். வைத்துவிட்டு மூச்சு விட்டாள்.

ஹர்பூல் சிங் தட்டைத் தொடவில்லை.

"மூணு" என்றார்.

விம்லேஷுக்கு ஒரு நொடி எதுவும் புரியவில்லை. பிறகு அவளும் தட்டை எண்ணினாள். உயிரோடிருக்கிற ஒருவர் தட்டில் ஒரேசமயம் மூன்று ரொட்டி யாரும் வைக்க மாட்டார்கள். அது செத்தவருக்குப் படைக்கிற கணக்கு. இரண்டு வைப்பார்கள், நாலு வைப்பார்கள். மூன்றுதான் என்றால் ஒன்றைப் பிய்த்தாவது வைப்பார்கள். நடக்கத் தெரிந்த பெண் குழந்தைக்குக்கூட அது தெரியும். அவள் பத்தொன்பது வருஷத்தில் ஒருநாள் தப்பியதில்லை. கை பயந்து செய்துவிட்டது.

கிழவர் தட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். கருகிய ரொட்டி, தோல் ரொட்டி, எல்லைக் கல், உறை மோர் எல்லாவற்றையும் மனசுக்குள் அளந்துகொண்டிருந்தார் போலிருக்கிறது.

"பஹூ. முக்காட்ட எடு."

அவள் அசையவில்லை.

"எடுன்னு சொல்றேன்."

எடுத்தாள். அழுது வீங்கிய கண், கன்னத்தில் மாவும் கண்ணீரும் குழைந்த கோடு. மாமனார் அவள் முகத்தை முதல் தடவையாக அப்படித்தான் பார்த்தார்.

"பிஜேந்தரா?" என்றார். கண் உடனே அவள் வளையலுக்குப் போனது. அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று. அவர் வாய் இரண்டு தடவை திறந்து மூடியது. லாரிக்காரன் என்ற சொல் வரவில்லை.

"ஜகத்" என்றார்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் கத்தவில்லை. தட்டை ஒற்றை விரலால் தள்ளினார். மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை பூத்தது. டிசம்பர்க் குளிரில் வியர்வை. விரல்கள் ரஜாயின் மேல் தாளம் போட ஆரம்பித்தன. துக்கத்தில் நடுங்குகிறாரா, சர்க்கரை இறங்கி நடுங்குகிறாரா, யாருக்குத் தெரியும்? கடிகாரத்தில் எட்டு அடித்துவிட்டது. விம்லேஷ் ஓடிப்போய் டம்ளரில் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கி எடுத்து வந்தாள். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். டம்ளர் விளிம்பிலிருந்து தண்ணீர் தாடையில் வழிந்தது.

"வாயத் திறங்க பாபூஜி."

தலையை மட்டும் ஆட்டினார்.

"வாயத் திறங்கன்னு சொல்றேன்! பத்தொம்பது வருஷமா உங்க முன்னால சத்தமாப் பேசினதில்ல. இன்னிக்குப் பேசறேன். உங்க பெரிய மகன் தம்பிய வண்டியில ஏத்திக்கிட்டு வராரு. வீட்டுக்கு வந்து உங்களயும் தூக்கணுமா? அவரு தோளு ஒண்ணுதான!"

"எந்த வாயால தின்னச் சொல்ற?" அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "இதே வாயாலதானே சொன்னேன். உன் ரொட்டிய மென்னுக்கிட்டே சொன்னேன். லாரி அவனத் தின்னட்டும்னு." கையால் வாயைப் பொத்திக்கொண்டார். விரலிடுக்கு வழியாகக் கேட்டார். "எத்தன மணிக்குப் போனான்?"

இதற்குத்தான் அவள் பயந்தாள். அவர் அதைச் சொன்னபோது மணி ஏழு முப்பத்தைந்து. ஜகத் போனது ஏழு நாற்பது. நடுவில் ஐந்தே நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத்தை இவரிடம் கொடுத்தால் மிச்ச ஆயுசுக்கும் வேறெதுவும் தின்ன மாட்டார்.

"ஆறு மணிக்கு" என்றாள்.

"ஆறுக்கா?"

"ஆறுக்குத்தான். நீங்க அப்ப தூங்கிக்கிட்டிருந்தீங்க. நீங்க சொன்னதுக்கும் அவன் போனதுக்கும் சம்பந்தமே இல்ல." அவர் கண் அவள்மேலேயே இருந்தது. நம்ப வைக்க வேண்டும், தின்ன வைக்க வேண்டும். கையில் இருந்த ஒரே மருந்தை அவள் எடுத்தாள். "போறப்ப உங்களத்தான் நெனச்சான். மணி என்னன்னு கேட்டானாம். சொன்னதும், 'பாபூஜிக்கு ஊசி நேரமாச்சே, பாபி ரொட்டி போட்டிருப்பா'ன்னானாம். அதான் அவன் கடைசியாப் பேசினது. உங்க மேல சத்தியம்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. ஆறு மணிக்கு யாருக்கு ஊசி நேரம்? இந்த வீட்டில் ஊசி ஏழரைக்கு. சண்டை வரும்வரை ஏழு வருஷம் அந்த ஊசியைப் போட்டுவிட்டவனே ஜகத்தான். அவனுக்கு அந்த நேரம் தப்புமா? எதிரே உட்கார்ந்திருப்பவரோ முப்பத்தைந்து வருஷம் அடுத்தவன் பொய்க் கணக்கைக் கண்டுபிடித்தவர்.

ஹர்பூல் சிங் அவளை வெகுநேரம் பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தினால் தீர்ந்தது.

அவர் வாயைத் திறந்தார்.

முதலில் சர்க்கரைத் தண்ணீர் போயிற்று. பிறகு விம்லேஷ் ரொட்டியைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்து அவர் வாயில் வைத்தாள். மருமகள் மாமனாரைத் தொடலாமா என்று யோசிக்க அங்கே யாரும் இல்லை. ரொட்டி இன்னும் சூடு ஆறவில்லை, பஞ்சு மாதிரி இருந்தது. அவர் கண்ணிலிருந்து வழிந்தது நேரே வாய்க்குப் போனது. மென்றார், விழுங்கினார், மறுபடி திறந்தார். ஒன்று முடிந்தது. இரண்டு முடிந்தது. விரல்களின் தாளம் மெல்ல நின்றது.

"போதும். அடுப்ப அணச்சிடு" என்றார்.

அவள் அடுப்பை அணைத்தாள். தவா சூடாக இருக்கும்போதே தண்ணீர் ஊற்றிக் கழுவினாள், கை சுட்டது. சுவரோரமாகக் கவிழ்த்து வைத்துவிட்டு முக்காட்டை இறக்கிக்கொண்டு வெளிக்கதவுக்குப் போனாள். சாச்சிக்குப் பின்னால் தெருவில் பத்துப் பதினைந்து பெண்கள் வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

"சாச்சி, இனி அழலாம்" என்றாள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவே கொல்லைக்குப் போய்ப் பிஜேந்தரைக் கூப்பிட்டாள். "ஆறு மணின்னு சொல்லிட்டேன். நீங்களும் அதையே சொல்லுங்க."

"ஆஸ்பத்திரிக் காகிதத்துல ஏழு நாப்பதுன்னு எழுதியிருக்கே."

"காட்டாதீங்க."

"யாருக்கு, அவருக்கா? கரண்டு பில்லையே பின்பக்கம் வரைக்கும் படிக்கிற மனுஷன். பத்திரிகை வந்தா அச்சடிச்சவன் பேரு வரைக்கும் படிப்பாரு. கேக்காம விடுவாருன்னு நெனக்கிறியா?"

அவள் நினைக்கவில்லை. மத்தியானம் வரை பெண்களுக்கு நடுவே உட்கார்ந்து அந்தக் காகிதத்தை நினைத்தே செத்துக்கொண்டிருந்தாள். ஜகத்தை நினைத்து அழக்கூட அவளுக்கு இடம் கிடைக்கவில்லை.

இரண்டரை மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தது. ஆண்கள் வழிவிட்டார்கள். ஹர்பூல் சிங் கம்பை ஊன்றிக்கொண்டு நேரே பிஜேந்தரிடம் போனார். மகனைக் கட்டிக்கொள்ளவில்லை. கையை நீட்டினார்.

"காகிதம்."

"அப்புறம் பார்க்கலாம் பாபூஜி. முதல்ல அவன..."

"காகிதத்தக் குடு."

பிஜேந்தர் விம்லேஷ் இருந்த பக்கம் பார்த்தான். முக்காட்டுக்குள் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து அவன் கொடுத்தான். கிழவரின் கை கண்ணாடியை எடுக்கக் குர்தாப் பைக்குள் போனது. போன கை அங்கேயே நின்றது. வெறுங்கையாக வெளியே வந்தது.

மடித்தது மடித்தபடி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, ஊர் பார்த்துக்கொண்டிருக்க, அவர் பெண்கள் பக்கம் நடந்து வந்தார். விம்லேஷின் முன்னால் நின்றார்.

"பஹூ, இத நீ வெச்சுக்க. எங்கயாவது பத்திரமா வெச்சுக்க, நான் கேட்டாலும் குடுக்காத. நீ ஆறு மணின்னு சொன்ன. எனக்கு ஆறு மணிதான்."

சொல்லிவிட்டு மகனைப் பார்க்கப் போனார்.